விண்டோன்னா முன்னாடி வந்து நிக்கோணும்

ஏனுங்க, அந்தப் பைய மேல வெச்சுக்குங்களேன், என்ற மாவுக்கட்டுல இடிச்சுட்டே இருக்குது. இல்லீங்க, நீங்க ஜன்னலோரமே உக்காருங்க. நான் இந்தக் கைய வழிப்பக்கமா நீட்டி வெச்சாத்தான் வலி தெரியறதில்ல. குண்டடத்துல எறங்கறீங்களா? நெம்ப நல்லதாப் போச்சு. நான் தாராபுரம். அது வரைக்கும் பேச்சுத் தொணைக்கு ஆச்சு.

கை என்னாச்சுன்னுதான பாக்கறீங்க. பாக்கற சனமெல்லாம் பைக்குல உழுந்தீங்களான்னுதான் கேக்குது. உழுகலீங்க. அடிச்சுப் போட்டானுங்க. துணி சுத்தி வருமில்லீங்களா இரும்புக் குழாய், அத எடுத்து அடிச்சானுங்க. எலும்பு ரெண்டு எடத்துல போயிருச்சு. எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரு விண்டோவுக்காக. ஊட்டு ஜன்னல் இல்லீங்க, கம்ப்யூட்டர்ல வருமில்ல, அழிக்கட்டுமா, சேமிக்கட்டுமா, ஆமா, இல்லைன்னு கேட்டுட்டுச் சின்னதா ஒண்ணு, அது.

நான் புரோகிராம் எழுதறவனுங்க. சிகாமணின்னா திருப்பூர் பனியன் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும். துணி வெட்டற மிசின் இருக்குதில்லீங்களா, நீளமான டேபிள் மேல துணியப் பல மடிப்பா விரிச்சுருவாங்க, மேல ஒரு கத்தி தானா ஓடி, சட்டைக்கு வேணுங்கற மாதிரி வெட்டிட்டுப் போயிரும். அந்தக் கத்திய ஓட்டறது என்ற புரோகிராமுங்க. நானும் எம் மச்சினன் குமரகுருவும் சேந்து நடத்தறோம். நடத்துனோம்னு சொல்லோணும் இப்ப.

அவன் கெட்டிக்காரன்தானுங்க, இல்லைங்கல. ஆனா ஒரு நோவு அவனுக்கு. விண்டோவுக்கு மரியாத சொல்லிக் குடுப்பான். மனுசனுக்குச் சொல்லலாம், விண்டோவுக்கு எதுக்குங்க? நான் ஒரு விண்டோ போட்டா வந்து எட்டிப் பாப்பான். "மச்சான், கூப்புடாத விண்டோ முன்னால வரப்படாது. கீழ ஓரத்துல மினுக்கிட்டு இருக்கட்டும், அவுங்களா வந்து பாப்பாங்க"ம்பான். "மச்சான், உள்ள எழுத்தெல்லாம் வந்து சேர்றதுக்கு முன்னால வெத்து வெள்ளையாத் தொறக்காதீங்க, பாக்கறவங்க பயந்துக்குவாங்க"ம்பான். நேத்து எந்த எடத்துல இழுத்து வெச்சாங்களோ இன்னைக்கும் அங்கதான் தொறக்கோணுமாமா. எந்த விண்டோவுல இருந்து பொறந்துச்சோ அதும் மேலதான் நிக்கோணும், அனாதையா உட்டா எதுக்குப் பின்னாலயாச்சும் போய் ஒளிஞ்சுக்குமாமா. கல்யாணத்துக்குப் பொண்ணு அனுப்பற மாதிரி அத்தன முற அவனுக்கு.

என்ற முற ஒண்ணே ஒண்ணுதானுங்க. விண்டோன்னா முன்னாடி வந்து நிக்கோணும். பதில் சொல்லாம ஒருத்தனும் அக்கட்டால நகரப்படாது. சட்டையப் புடிச்சுக் கேட்டாத்தான் வேலை நடக்கும். நம்மூருல எவனுங்க மினுக்கறதப் பாத்துட்டு வந்து பதில் சொல்றான், சொல்லுங்க பாக்கலாம்.

இப்பக் கதைக்கு வர்றன். ஊத்துக்குளி ரோட்டுல ஒரு கம்பெனி. பேரு வேண்டாம். அங்க கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்கறது தமயந்தின்னு ஒரு புள்ள. புருசன் இல்ல, சின்னக் கொழந்தையொண்ணு. அவளுக்கு ரெண்டு வேலை. வெட்டுன துணிக் கட்டுக்கு ஒட்டற ஸ்டிக்கரு அடிக்கோணும். அளவு, கலர், லாட்டு நம்பரு. ஒரு தாளப் பக்கத்துல வெச்சுட்டு அதப் பாத்தே அடிப்பா. ஸ்கிரீனப் பாக்கவே மாட்டா. ஒரு வரி அடிப்பா, எண்டர் தட்டுவா. அடுத்த வரி, எண்டர். கை பாட்டுக்குப் போகும். இன்னொரு வேலை, டேபிள்ல துணி விரிச்சு முடிச்சா என்ற விண்டோ வந்து கேக்கும், டேபிள் ரெடி, வெட்டலாமான்னு. அப்பத் தலையத் தூக்கி ரூம்புக் கண்ணாடி வழியா டேபிளப் பாப்பா. யாரும் கைய வெக்கல, ஆளு நகந்தாச்சுன்னா மவுச எடுத்து ஆமாங்கறத அமுக்குவா. கத்தி ஓடும்.

சரிதானுங்களே? நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு. ஆனா அந்த விண்டோ சில சமயம் ஸ்டிக்கர் விண்டோவுக்குப் பின்னால போய்ப் படுத்துக்கும். அவளுக்குத் தெரியாது. அவ பாட்டுக்கு ஸ்டிக்கர் அடிச்சுட்டு இருப்பா, மிசின் சும்மா நிக்கும். ஒரு நா மொதலாளி உள்ள வந்து பாக்கறாரு, மிசின் நிக்குது, ஆளுக நிக்கறாங்க, இவ ஸ்டிக்கர் அடிக்கறா. கன்னத்துல ஒண்ணு வெச்சுட்டாரு. அவரு கை நெம்பக் கனமுங்க. அப்பறம் எனக்குப் போனு. "உம்பட விண்டோ எங்க போய்ப் படுத்துச்சுரா" அப்படின்னு கெட்ட வார்த்தைல கேக்கறாரு. எனக்குக் கோவம் வருமா வராதா? நான் கோவக்காரன் இல்லீங்க, ஊருல யார வேணாக் கேளுங்க. ஆனா என்ற விண்டோவ ஒருத்தன் சொன்னா தாங்காது.

குரு சொல்றான், "மச்சான், இது ஒரு வரில சரியாப் போயிரும். அந்த விண்டோவ ஸ்டிக்கர் விண்டோவோட கோத்துருங்க, பின்னால போகாது. ஆனா கீபோர்டப் புடுங்க வேண்டாம். ஒரு சத்தம் குடுத்துட்டு ஓரமா நிக்கட்டும். அப்பறம் ஆமா, இல்லைன்னு போடாதீங்க. வெட்டு, வேண்டாம்னு போடுங்க. மொதல்ல தேர்வாகி நிக்கறது வேண்டாமா இருக்கட்டும்"ங்கறான்.

ஓரமா நிக்கறதாமா. மொதலாளி வந்து என்ற தொண்டையப் புடிச்சா யாரு நிக்கறது ஓரமா?

நான் எழுதிப் போட்டனுங்க. எந்த விண்டோ தொறந்திருந்தாலும் சரி, எவன் என்ன அடிச்சுட்டு இருந்தாலும் சரி, எல்லாத்துக்கும் மேல வந்து நிக்கும். கீபோர்டு அதுகிட்ட வந்துரும். ஆமாங்கற பொத்தான் தயாரா நீலத்துல நிக்கும். ஒரு தட்டு, வேலை முடிஞ்சுது. குரு அதப் பாத்துட்டான். பாத்துட்டு மெல்லமாச் சொன்னான். "மச்சான், அந்தப் புள்ள தாளப் பாத்து அடிச்சுட்டு இருப்பா. வரி முடிஞ்சா எண்டர் தட்டுவா. அந்த எண்டர் ஸ்டிக்கருக்குப் போகாது. இதுக்கு வரும். அவ பாக்கறதுக்கு முன்னால கத்தி ஓடிரும்."

நான் போடா வேலையப் பாருன்னன். "அனுப்பாதீங்க மச்சான்"னு மவுசப் புடிச்சான். என்ற மவுச. என்ற டேபிள்ல வந்து. கீபோர்டு கைல இருந்துச்சுங்க, அப்படியே வீசுனன். வாயோரத்துல பட்டுருச்சு. அடிக்கலீங்க, பட்டுருச்சு. முன்பல்லு ஒண்ணு உள்ள மடங்கிருச்சு, ஒதடு கிழிஞ்சு தையல் போட்டாங்க. கீபோர்டெல்லாம் ரத்தம். எழுத்தெல்லாம் ஒட்டிக்கிச்சு, புதுசு வாங்க வேண்டியதாப் போச்சு. ஊட்டுக்குப் போனா அவ, கோமதி, என்ற சம்சாரம், எந்தம்பி மூஞ்சிய என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு ஆரம்பிச்சா. அவளுக்கும் ஒண்ணு குடுக்க வேண்டியதாப் போச்சு. ஆபீஸ் விசயம் ஊட்டுக்கு எதுக்குங்க?

அடுத்த நா நானே கம்பெனிக்குப் போய் அந்தப் புதுசப் போட்டன். தமயந்தி சோத்துக்குப் போயிருந்தா. அவகிட்டச் சொல்லலியான்னு கேக்கறீங்களா? சொல்றதுக்கு என்னங்க இருக்குது. வந்து நின்னாத் தெரியப் போவுது. அதுக்குத்தான அது முன்னால வருது.

அன்னைக்கு மத்தியானமே ஆயிப் போச்சு.

துணி விரிக்கற பையன் பாண்டிமுனின்னு ஒருத்தன். பரமக்குடிப் பக்கம். விரிச்சு முடிச்சு, துணி நகராம இருக்கறதுக்கு டேபிள் அடியில இருந்து காத்து இழுத்து, ரெடி ஆயிருச்சு. ஒரு எடத்துல துணி சுருக்கமா இருந்திருக்குது. நீவி உட்டுட்டு நகந்தரலாம்னு கைய வெச்சிருக்கறான். எப்பவும் வெப்பானாமா, அவ பாத்துட்டுத்தான அமுக்குவாங்கற தைரியத்துல. அவ தாளப் பாத்துட்டு, முந்தி வெட்டுன லாட்டுக்கு எக்ஸ்எல், நேவி ப்ளூன்னு அடிச்சுட்டு இருந்திருக்கறா. எண்டர்.

மூணு வெரலுங்க. மோதிர வெரல், நடு வெரல், ஆள்காட்டி. கத்தி அந்த டிசைன்படியே வெட்டிட்டுப் போயிருக்குது, சட்டையோட கழுத்து வளைவுல. என்ற புரோகிராம்ல வளைவெல்லாம் சுத்தமா வருமுங்க. வெள்ளத் துணி. எல்லா மடிப்புக்கும் எறங்கிருச்சு ரத்தம். அந்த லாட்டே போச்சு. அவன் கத்துன சத்தம் வெளிய டீக்கடை வரைக்கும் கேட்டுதாமா. அவ எந்திரிச்சு நின்னுட்டாளாமா, கைய கீபோர்டு மேலயே வெச்சுட்டு, எடுக்கவே மாட்டன்னுட்டாளாமா.

நான் போறதுக்குள்ள எல்லாருந் திரண்டாச்சு. மொதலாளி என்னப் பாத்தாரு. நான் ஒரே வார்த்த சொன்னனுங்க. "விண்டோ கேட்டுச்சு, இந்தப் புள்ள ஆமான்னு அமுக்குச்சு." பொய்யா? நீங்களே சொல்லுங்க. கம்ப்யூட்டர் தானா வெட்டுமா? கேட்டுச்சு. கேக்காம வெட்டுச்சுன்னா என்ற தப்பு. கேட்டதுக்கு அவ ஆமான்னா. அத்தனதான்.

அடுத்த நா பாண்டிமுனியோட அண்ணன் ஊருல இருந்து ஆளுகளக் கூட்டிட்டு வந்துட்டான், ஒரு வேன் நெறைய. ஆசுபத்திரில தம்பியப் பாத்துட்டு நேரா கம்பெனிக்கு வந்தான். நல்ல ஒசரம், கருத்த ஆளு, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. தமயந்திய அன்னைக்கு வரச் சொல்லியிருந்தாரு மொதலாளி. ஏன்னு கேக்காதீங்க. யாரையாவது ஒருத்தரக் காட்டோணுமில்லீங்களா. அவன் வந்த வேகத்துல அவ சடையப் புடிச்சுட்டான். புடிச்சு இழுத்துட்டுப் போய் டேபிள் மேல சாச்சுட்டான்.

"எந்த வெரல்டி? எந்த வெரல்ல அமுக்குன?"

அவ கையப் புடிச்சு விரிச்சு டேபிள் மேல அமுக்கிட்டான். பின்னால இருந்த ஒருத்தன்கிட்ட, "ஏலே, மிசின ஓட்டுங்கடா. எந்தம்பிக்குப் போனது இவளுக்கும் போவட்டும்"ங்கறான். மொதலாளி வாசப்படில நின்னுட்டு செருப்பப் பாக்கறாரு. நானா? நான் நின்னன். நான் எதுக்குங்க நடுவுல போறது. அவங்க தம்பி, அவங்க நியாயம். அதும் போக, அவ அமுக்குனாளா இல்லையா?

அப்பத்தானுங்க குரு வந்தான். வாய் வீங்கி, தையலோட. பேசறது பாதி புரியாது. நேரா அந்த அண்ணங்காரன்கிட்டப் போய் நின்னான். அத்தன பேரு நிக்கறானுக, பயமில்ல அவனுக்கு.

"அண்ணே, மிசின நீங்களே ஓட்டுங்க. அந்தப் புள்ள கைய எடுத்துருங்க மொதல்ல. வெட்டறதுன்னா நீங்க வெட்டோணும், வேற ஆள உட்டு வெட்டப்படாது."

அவனுக்கு அது புடிச்சுப் போச்சு போல. அவளத் தள்ளி உட்டான். அவ டேபிளுக்கு அடியில போய் ஒண்டிக்கிட்டா. குரு அவனக் கம்ப்யூட்டர் முன்னால ஒக்கார வெச்சான். "மொதல்ல ஸ்டிக்கர் அடிக்கோணும்ணே. அது அடிச்சாத்தான் ஓடும். உங்க தம்பி பேர அடிங்க. அடிச்சுட்டு எண்டர் தட்டுங்க, இந்தா, இது எண்டரு."

பொய் சொல்றான் பாருங்க, ஸ்டிக்கருக்கும் கத்திக்கும் என்னங்க சம்பந்தம். நான் சொல்லியிருக்கலாம். சொல்லல.

அவன் ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி ஒத்த வெரல்ல அடிக்கறான். தலையக் குனிஞ்சு கீபோர்டையே பாத்துட்டு. பா-வுக்கு ஒண்ணு, ண்-ணுக்கு ஒண்ணு. அதுக்குள்ள குரு டேபிளோட பொத்தான அமுக்கி, காத்து இழுக்க உட்டான். டேபிள் ரெடி ஆயிருச்சு. என்ற விண்டோ வந்து நின்னுச்சு. நல்லாப் பெருசா, நடு ஸ்கிரீன்ல, எல்லாத்துக்கும் மேல. அவன் பாக்கல. கடைசி எழுத்த அடிச்சுட்டு எண்டர் தட்டுனான்.

கத்தி எறங்கி ஓடுச்சு.

வெறும் டேபிள்லதான். ஒண்ணும் அங்க இல்ல. அவன் தலையத் தூக்கிப் பாக்கறான். டேபிளப் பாக்கறான், ஸ்கிரீனப் பாக்கறான், அப்பறம் அந்த வெரலப் பாக்கறான். எண்டர் தட்டுன வெரல. அப்படியே தூக்கிப் புடிச்சுட்டு நெம்ப நேரம் பாத்துட்டு இருந்தான். "நான் வெட்டச் சொல்லலியே"ன்னான். கொழந்தைகிட்டச் சொல்ற மாதிரி குரு சொன்னான், "அவளும் சொல்லலண்ணே. அவளும் உங்க தம்பி மாதிரி பொழைக்க வந்தவதான்."

அத்தோட நிறுத்தியிருக்கலாமில்லீங்க? அந்த ஆளு கேக்கறான், "அப்ப இத இப்பிடி வெச்சது யாரு?" அவன் கேட்டா, நீ எதுக்குடா என்னத் திரும்பிப் பாக்கற? வாயத் தொறந்து சொல்லலீங்க. பாத்தான். அக்கா புருசன. அது போதுமே.

அடிச்சானுங்க பாருங்க. மொத அடி முதுகுல. இரும்புக் குழாய். ரெண்டாவது கைய வெச்சுத் தடுத்தன், அப்பத்தான் இது போச்சு. சத்தம் கேட்டுச்சுங்க எனக்கு, என்ற எலும்பு ஒடையற சத்தம் எனக்கே. கீழ போட்டு மிதிச்சானுங்க. அந்த அண்ணங்காரன் அழுதுட்டே அடிச்சான். ஆனா அடி மட்டும் தப்பல. தலைக்கு ஓங்குனான். செத்தம்னு நெனச்சன். அப்ப இவன் வந்து மேல உழுந்துட்டான், குரு. மொத்தமா என்ன மூடிட்டான். அந்தக் குழாய் அவன் தோள்ல எறங்குச்சு. தோள்பட்டை மூட்டே போச்சு, இன்னும் ஆசுபத்திரிலதான் கெடக்கறான். கோமதி அங்கயே கெடக்கறா, என்ற போன எடுக்கறதில்ல. அவன யாருங்க கூப்புட்டாங்க நடுவுல வந்து உழுகச் சொல்லி? கூப்புடாம முன்னால வரப்படாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன்தான அவன்.

இப்ப போலீசு கேசாயிப் போச்சுங்க. கேசு என்ற மேலயும் மொதலாளி மேலயும். குரு ஆசுபத்திரில படுத்துட்டே எழுதிக் குடுத்துருக்கறான், நான் வேண்டாம்னு சொல்லியும் மச்சான் போட்டாருன்னு. மச்சான்னே எழுதியிருக்கறானாமா, பேரப் போடல. சரி, அவன் கெடக்கட்டும், சொந்தக்காரன் சொல்றது நிக்காதுன்னு வக்கீலு சொல்லிட்டாரு, குடும்பச் சண்டைன்னு சொல்லிக்கலாமாமா. பாண்டிமுனி ஸ்கிரீன்ல என்ன வந்துச்சுன்னு கண்ணால பாக்கல. மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான். தமயந்தி. நாளைக்கு ஸ்டேசன்ல அவ என்ன சொல்றாளோ அதுதான். விண்டோ வந்ததே எனக்குத் தெரியாதுன்னு சொன்னாள்னா நான் உள்ள போகோணும். பாத்துட்டுத்தான் அமுக்குனன், ஆளு இருக்கறதக் கவனிக்காம உட்டுட்டன்னு சொன்னாள்னா கேசு ஒண்ணுமில்ல. அவளுக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது. பொம்பளைப் புள்ள, கோர்ட்டுல எரக்கப்படுவாங்க.

அதுக்குத்தானுங்க போறன். தமயந்தியோட அம்மா ஊடு தாராபுரத்துல, கொழந்தை அங்க இருந்துதான் படிக்குது, அவளும் இப்ப அங்க போயிட்டா. மொதலாளி ரெண்டு பசங்கள பைக்குல முன்னாலயே அனுப்பிட்டாரு. நான் சொல்லி உட்டுருக்கறன், கை வெக்கப்படாது, கெட்ட வார்த்த பேசப்படாது, பள்ளிக்கொடம் உடற நேரத்துக்குப் போய் வாசல்ல நில்லுங்க, கொழந்தை ஊட்டுக்கு வந்தா மிட்டாய் குடுங்கடான்னு. மிட்டாய் குடுக்கறது தப்பா? நான் போய் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறன். கதையெல்லாம் வேண்டாம். நீ எண்டர அமுக்குனியா, ஆமாவா இல்லையா? ஆமான்னு சொல்லிட்டாள்னா நாங்க பாட்டுக்கு வந்துருவம். சொல்ற வரைக்கும் கொழந்தையோட வெளையாடிட்டு இருப்பம்.

குண்டடம் வந்துருச்சுங்களா? இருங்க, இருங்க, ஸ்டாப்பு இன்னுங் கொஞ்சம் போகோணும். எந்திரிக்காதீங்க, கை இடிக்குது. ஏனுங்க, நான் இத்தன நேரம் சொன்னன், நீங்க ஒரு வார்த்த சொல்லலியே. எண்டர அமுக்குனது யாருங்க, அந்தப் புள்ளதான? இல்லீங்க, அதெல்லாம் வேண்டாம், யாரு வெச்சாங்க, எப்படி வெச்சாங்கங்கறதெல்லாம் நான் கேக்கல. அமுக்குனது அவதான? ஆமாவா இல்லையா?

கண்டக்டர், சித்த இருங்க, இவரு எறங்கோணும். கத்தாதீங்க, எறங்குவாரு, ஒரு பதிலச் சொல்லிட்டு எறங்குவாரு. நான் எந்திரிச்சு வழி உட மாட்டன்னு சொல்லலீங்க. எந்திரிக்கறதுக்கு இந்தக் கைய எடுக்கோணும், வலிக்குது, அதுக்குள்ள நீங்க சொல்லிரலாம். ஏன் வேர்க்குது உங்களுக்கு? ஆமாவா இல்லையா? என்னங்க? சத்தமாச் சொல்லுங்க.

ஆமாங்கறீங்க. ஆமா.

அவ்வளவுதானுங்க. இந்தாங்க, வழி. பாத்து எறங்குங்க, பை, பைய உட்டுட்டுப் போறீங்க. கண்டக்டர், நீங்களுந்தான கேட்டீங்க. முன்னப்பின்னத் தெரியாத மனுசன், அவருக்கே ஆமான்னு சொல்ல முடியுது, அவளுக்கு என்ன வந்துச்சு.